ஒரு நாளைக்கு மூன்று

அந்தப் பெயரை வைத்தது, கூட வேலை பார்க்கும் அக்காதான். ஒருநாள் காலை அவன் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது, தலையைத் திருப்பாமலே "வாங்க மூணு, வாங்க" என்றாள். அறையில் அவர்கள் இரண்டே பேர். பெயரைச் சொல்ல ஒருத்தி, கேட்க ஒருவன். அப்படியும் அது எப்படியோ மாடி ஏறிவிட்டது. ஒரு வாரத்துக்குள் டீ கொண்டுவருகிறவர் "மூணு சாருக்குச் சர்க்கரை கம்மி" என்று சொல்லிக் கோப்பையை வைத்துவிட்டுப் போனார். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டால் ஏன் மூணு என்று யாராவது கேட்பார்கள்.

இருபத்தொரு வருஷமாக அவன் ரத்தம் பார்த்தான். படிப்பில் பெரிய சூரன் இல்லை. டாக்டராக மதிப்பெண் வரவில்லை. டாக்டருக்குப் பக்கத்திலாவது இருக்கட்டும் என்று அப்பா லேப் படிப்பில் சேர்த்துவிட்டார். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பையனுக்குக் கண் இருக்கிறது என்று. ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தால், ஆயிரம் செல்களுக்கு நடுவே சரியில்லாத ஒன்று தானாக வந்து அவன் கண்ணில் விழும். தெருவில் நூறு பேர் நடந்தாலும் சித்தப்பாவின் நடையைத் தூரத்திலேயே கண்டுகொள்கிறோமே, அந்த மாதிரி. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்ததற்கு, மாடியிலிருந்து பெரிய டாக்டர் இறங்கி வந்து கை குலுக்கினார். அன்று சாயங்காலம் வரை அவன் அந்தக் கையைக் கழுவவில்லை. லேப்பில் அது எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரிந்தே.

அப்போது அந்த அறையில் எட்டுப் பேர். ஆஸ்பத்திரியின் அடித்தளம், ஜன்னல் கிடையாது. எட்டு மைக்ராஸ்கோப், அடியில் உருளைகள் வைத்த எட்டு நாற்காலிகள். அறைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது சந்தேகம் வந்தால் "ஒரு பார்வை" என்று குரல் கொடுப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் எழுந்திருக்காமல், தரையைக் காலால் உதைத்து நாற்காலியோடு உருண்டு வந்து, கண்ணை வைத்துப் பார்த்து, "ஆமாம்" என்பார், அல்லது "இல்லை" என்பார். மறுபடி உருண்டு போய்விடுவார். எழுத்து, கையெழுத்து, பதிவு எதுவும் கிடையாது. முகம் கொடுத்துப் பேசாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்களில்கூட யாரும் யாருக்கும் ஒரு பார்வையை மறுத்ததில்லை.

பிறகு மெஷின் வந்தது. அலமாரி உயரம், குளிர்சாதனப் பெட்டியின் முனகல். அதுவே ஸ்லைடு இழுத்து, அதுவே சாயம் போட்டு, அதுவே படம் எடுத்து, நூறு வெள்ளைச் செல்களை இனம் பிரித்து ஸ்கிரீனில் கட்டம் கட்டமாக அடுக்கிவிடும். மனிதன் செய்யவேண்டியது இரண்டில் ஒன்று. 'சரி' என்ற பொத்தானை அழுத்துவது. அல்லது, தப்பான கட்டத்தில் இருக்கும் செல்லை மவுஸால் பிடித்துச் சரியான கட்டத்துக்கு இழுத்துப் போடுவது. அதற்குத் திருத்தம் என்று பெயர்.

எட்டுப் பேர் ஐந்தானார்கள். ஐந்து பேர் மூன்றானார்கள். கடைசியில் அக்காவும் அவனும். வருஷம் முடிவதற்குள் இந்த அறைக்கு ஒரு நாற்காலி போதும் என்று நிர்வாகி சொல்லிவிட்டார். அவருக்கு முப்பத்தைந்து வயது. இவனைச் சார் என்பார், அக்காவை மேடம் என்பார். அவ்வளவு மரியாதையாக அதற்குமுன் யாரும் அவர்களை மிரட்டியதில்லை.

மெஷின் வந்த முதல் மாசம் நிர்வாகி அவனைக் கூப்பிட்டு அட்டவணையைக் காட்டினார். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே 'மனிதப் பங்கு' என்று ஒரு கட்டம். இவன் கட்டத்தில் பூஜ்யம்.

"மாசம் பூரா நீங்க ஒரு திருத்தம்கூடப் பண்ணலையே சார்."

"மெஷின் எல்லாம் சரியாத்தானே சார் போட்டிருந்தது."

"ரொம்ப சந்தோஷம். அப்ப நீங்க எதுக்கு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அடுத்த மாசம் ஒவ்வொரு ஸ்லைடையும் துருவினான். ஒரே நாளில் பதினொரு திருத்தம். அப்போதுதான் இரண்டாவது விதி தெரிந்தது. ஒரு நாளில் மூன்றைத் தாண்டினால், அன்றைக்குச் செய்த எல்லாத் திருத்தங்களும் மாடிக்குப் போகும். அங்கே லேப்புக்குப் பொறுப்பான டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். மெஷின் சரி, மனிதன் தப்பு என்றால் மனிதனுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. பதினொன்றில் ஐந்து சிவப்பு.

"உங்களுக்கு மெஷினைவிடக் கம்மியாத் தெரியுமோன்னு அட்டவணை கேக்குது சார்" என்றார் நிர்வாகி. "நான் கேக்கலை."

ஒன்றும் செய்யாதவன் வேண்டாதவன். நிறையச் செய்கிறவன் தெரியாதவன். நடுவே கால் வைக்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. மூன்று. மூன்றை யாரும் திறக்க மாட்டார்கள். மூன்று என்றால் அட்டவணையில் பச்சை. 'போதுமானது' என்று வரும். ஒரு நாளைக்குச் சுமார் அறுபது ஸ்லைடு வரும். அதில் மூன்று.

ஆனால் மெஷின் தினமும் கணக்காக மூன்று தப்புச் செய்யுமா? செய்யாது. அதற்கும் வழி கண்டுபிடித்தான். வெள்ளைச் செல்களில் ஒரு வகை. அதன் நடுக்கரு இளசாக இருந்தால் லாடம் மாதிரி வளைந்திருக்கும், முற்றினால் இடையிடையே கயிறு கட்டி இறுக்கினாற்போல ஆகும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை லாடம் என்றும் சொல்லலாம், இறுகியது என்றும் சொல்லலாம். இரண்டு நிபுணர்களைக் கேட்டால் இரண்டு பதில் வரும். ரிப்போர்ட்டில் அந்த வரியை எந்த டாக்டரும் படிப்பதில்லை. ஆக, ஒரு லாடத்தைப் பிடித்து இறுகிய கட்டத்தில் போடுவான். யாருக்கும் நோகாத திருத்தம். காலையில் வந்ததும் மூன்று லாடம் இழுத்துப் போட்டுவிட்டு, மாத்திரை விழுங்கினவன் மாதிரி நிம்மதியாக உட்கார்ந்து டீ குடிப்பான். அதன்பிறகு சாயங்காலம் வரை சரி, சரி, சரி.

அக்காவுக்கு இதெல்லாம் வராது. ஐம்பத்துமூன்று வயது. முதுகுக்கு ஒரு மெத்தை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. எட்டுத் தப்பைப் பார்த்தால் எட்டைத் திருத்துவாள். ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா இருப்பாள். மாடியில் டாக்டரம்மா "இந்த அம்மாவால எனக்கு மத்தியானச் சாப்பாடே ஆறிப்போகுது" என்று அலுத்துக்கொண்டதாகக் கேள்வி. எட்டுக்கு ஆறு அக்கா சொன்னதுதான் சரியாக இருக்கும். ஆனால் அட்டவணையில் ஆறுக்குப் புள்ளி கிடையாது. மிச்சம் இரண்டுக்குத்தான் உண்டு.

"நீங்களும் கொஞ்சம் பாத்து எண்ணிப் பண்ணக்கூடாதா அக்கா" என்று ஒருநாள் கேட்டான்.

"எனக்கு எண்ணத் தெரியும். செல்லை எண்ணுவேன்."

சற்று நேரம் கழித்து அவளே நாற்காலியைத் திருப்பினாள்.

"என்ன மூணு, இன்னிக்குக் கடை மூடியாச்சா?"

"ஆச்சு அக்கா."

"மணி பத்தரைகூட ஆகலை. ஒண்ணையாவது மதியத்துக்கு மிச்சம் வையேன். நிஜமாவே ஒண்ணு வந்து நின்னா என்னத்தைக் குடுப்பே? நாளைக்கு வாம்மான்னு அனுப்பிடுவியா?"

அவன் சிரித்தான். நன்றாகத்தான் இருந்தது அந்த வேடிக்கை. மறுநாளும் பத்தரைக்குள் மூன்றையும் முடித்தான். கடன் மாதிரி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு நாள் பூரா உட்கார அவனால் முடியாது.

வீட்டில் மச்சான் இருந்தார். மனைவியின் அண்ணன். வக்கீல் ஆபீஸ் ஒன்றில் பத்திரங்களை வரிவரியாகச் சரிபார்க்கிற வேலை. பத்தொன்பது வருஷம் பார்த்தார். இப்போது அதை மெஷின் பார்க்கிறது. எட்டு மாசத்துக்குமுன் ஒரு பெட்டியோடு வந்தவர், ஹாலில் சோபாவின் ஓரத்தில், யாராவது எழுந்திருக்கச் சொல்வார்கள் என்று காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். முதல் மாசம் தங்கை அண்ணனுக்கு முதலில் டீ கொடுத்தாள். பிறகு எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்தாள். இப்போது, "அண்ணா, நீங்களே போட்டுக்குங்க, எனக்கும் ஒண்ணு" என்கிறாள். பல் துலக்கும் பிரஷ் குளியலறையிலிருந்து கொல்லைக் குழாய்க்கு எப்போது போனது என்று ஒருவருக்கும் தெரியாது. எட்டாம் வகுப்புப் படிக்கிற மகள், கட்டிலில் படுத்தபடி, "மாமா, அந்த சார்ஜரை எடுத்துக் குடுங்க. நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்பாள். மாமா எடுத்துக் கொடுப்பார். கொடுத்துவிட்டு, "வேற ஏதாவது வேணுமாம்மா" என்றும் கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவனுக்கு உடம்பு கூசும். அதற்காக அவன் மட்டும் சும்மா இருந்தான் என்பதில்லை. "மச்சான், நான் படிச்சப்புறம் பேப்பரை எடுங்களேன், மடிப்புக் கலைஞ்சுபோகுது" என்று சொன்னது அவன்தான்.

ஒருநாள் மச்சான் கேட்டார்: "நீங்க எப்படி மாப்பிள்ளை சமாளிக்கிறீங்க? உங்ககிட்டயும் மெஷின் வந்தாச்சே."

"மனுஷக் கண்ணு வேணும் மச்சான் சில இடத்துல. அது எல்லாருக்கும் இருக்காது."

மச்சான் தலையாட்டினார். பிறகு எழுந்து போய்த் துணிகளை மடித்தார். அவன் சட்டைகளைத் தனியாக, மடிப்புக் கலையாமல் அடுக்கினார்.

அந்த நாள் ஒரு மாசத்தின் கடைசி வேலை நாள். காலை பத்து இருபதுக்கு மூன்று லாடமும் போய்விட்டன. அந்த மூன்று ரிப்போர்ட்டும் அப்போதே டாக்டர்களுக்குப் போயாகிவிட்டது. போனதைத் திருப்பி வாங்க முடியாது. சாயங்காலம் நாலு பத்துக்கு ஸ்கிரீனில் ஒரு ஸ்லைடு வந்தது. பெயர் வராது. நோயாளி எண் 7416. பெண். வயது 6. ஒரு வாரமாகக் காய்ச்சல்.

பின்னங்கழுத்தில் மயிர் குத்திட்டு நின்றது. எதைப் பார்த்தோம் என்று தெரிவதற்கு முன்பே நின்றது. பிறகு தேடினான். மெஷின் சாதாரணக் கட்டத்தில் அறுபத்தொரு செல்களை அடுக்கியிருந்தது. காய்ச்சல் வந்த குழந்தைக்கு அப்படி இருக்கலாம். அவற்றில் ஐந்து மட்டும் மற்ற ஐம்பத்தாறின் சாதி இல்லை. நடுக்கரு செல் முழுக்க அடைத்துக்கொண்டு, சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்காமல் மாவு சலித்தாற்போல் ஒரே சீராகப் பரவி, நடுவே வெளிறிய ஒரு கண். எலும்புக்குள்ளேயே இருக்கவேண்டிய பிஞ்சு. வெளியே ரத்தத்தில் அதற்கு வேலையே இல்லை. வெளியே வந்திருக்கிறது என்றால் ரத்தப் புற்று வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். சீக்கிரம் பிடித்தால் பிழைக்கவைக்கலாம். முக்கால்வாசிக் குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்று அவனே பலரிடம் சொல்லியிருக்கிறான்.

மவுஸ் முதல் செல்லின்மேல் போய் நின்றது. அந்த ஒன்றை இழுத்துப் போட்டாலே நான்கு. நான்கு என்றால் அன்றைய நான்கும் மாடிக்குப் போகும். டாக்டரம்மா இந்தக் குழந்தையையும் பார்ப்பாள், காலையில் போன மூன்று லாடத்தையும் பார்ப்பாள். 'இது என்ன விளையாட்டு?' என்று இதற்கு முந்தைய நாளைத் திறந்தால் அங்கேயும் மூன்று லாடம். அதற்கு முந்தைய நாளிலும். ஏழு மாசமாக லாடம். நாளை அட்டவணை வரும் நாள்.

மாடிக்குப் போன் செய்யலாம். "சந்தேகம்னா திருத்தவேண்டியதுதானே, எனக்கு எதுக்குப் போன்?" என்பாள். ஒன்றும் செய்யாமல் விடலாம். ஆறு மணிக்கு மெஷின் தானே அனுப்பிவிடும். 'மனிதர் பார்க்கவில்லை' என்று ஒரு குறிப்போடு. அதற்கு இரண்டு சிவப்பு.

அக்கா நாலடி தள்ளி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எதையோ முறைத்துக்கொண்டிருந்தாள். 'ஒரு பார்வை' என்ற சொல் தொண்டை வரை வந்தது. கூப்பிட்டால் உருண்டு வருவாள். பார்ப்பாள். "மாத்துடா" என்பாள். அவன் மாற்றாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்பாள். கேட்கக்கூட மாட்டாள், கண்டுபிடித்துவிடுவாள். பிறகு அந்தக் குழந்தையை விடமாட்டாள். தானே மாடிப்படி ஏறுவாள்.

அவன் கூப்பிடவில்லை.

மற்ற ஸ்லைடுகளை முடித்தான். அதை மட்டும் கடைசியாக வைத்தான். குழந்தைக்குக் காய்ச்சல் நிற்காது. மறுபடி அழைத்து வருவார்கள். மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அப்போது காலையிலேயே வந்தால் அதையே முதல் திருத்தமாகச் செய்துவிடலாம். யோசிக்க யோசிக்க அது ஒரு திட்டம் மாதிரியே ஆகிவிட்டது. ஐந்து நாற்பதுக்குச் 'சரி' பொத்தானை அழுத்தினான். மவுஸின் சத்தம் எப்போதும் கேட்கிற சத்தம்தான்.

"கிளம்பலையா மூணு?" என்றாள் அக்கா, பையை மாட்டிக்கொண்டே.

"இதோ அக்கா."

மறுநாள் முதல் ஒரு வாரம் காலையில் வந்ததும் 7416 என்ற எண் வருகிறதா என்று பார்த்தான். லாடம் இழுப்பதைக்கூடப் பதினொரு மணி வரை தள்ளிப்போட்டான். வரவில்லை. வரவில்லை என்றால் காய்ச்சல் விட்டிருக்கும். எட்டாம் நாளிலிருந்து மறுபடி பத்தரைக்குள் கடை மூடினான்.

மூன்று வாரம் கழித்து அந்த எண் வந்தது. அவனிடம் வரவில்லை. யாரிடமும் வரத் தேவை இருக்கவில்லை. நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பிஞ்சு. மெஷினே சிவப்பில் கட்டம் போட்டு, மணி அடித்து, நேராக மாடிக்கு அனுப்பிவிட்டது. டாக்டரம்மா பழைய ஸ்லைடை எடுத்துப் பார்த்தாள். ஐந்து செல்கள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ தெரியாது. நிர்வாகியின் அறைக்கு அவனைக் கூப்பிட்டபோது அவளும் அங்கே நின்றிருந்தாள்.

"சார், இது மெஷின் தப்பு, அது வேற விஷயம். மெஷின் கம்பெனிக்கு எழுதிட்டோம், கத்துக்கிச்சாம். இனிமே இந்தத் தப்பு வராதுங்கறாங்க" என்றார் நிர்வாகி. "ஆனா நீங்க சரின்னு அழுத்தியிருக்கீங்க. உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

வரவில்லை என்றால் கண் இல்லை என்று ஆகும். வந்தது என்றால் ஏன் திருத்தவில்லை என்று ஆகும். வந்த வழியெல்லாம் இதைத்தான் யோசித்தான். ஆனால் வாயில் வந்தது அவன் யோசித்ததே இல்லை.

"வந்தது சார். அக்காவைக் கூப்பிட்டு ஒரு பார்வை பாக்கச் சொன்னேன். காய்ச்சல்ல இப்படி வரும், விட்டுடுன்னாங்க."

குரல் நடுங்கவில்லை என்பதை அவனே ஆச்சரியமாகக் கவனித்தான்.

"பதிவு இருக்கா?"

"ஒரு பார்வைக்குப் பதிவு கிடையாது சார். டாக்டரம்மாவுக்கே தெரியும்."

"அப்படி ஒரு வழக்கம் இருக்கறது நிஜம்தான்" என்றாள் டாக்டரம்மா. "ஆனா அந்த அம்மா கண்ணு இதைத் தவறவிடாதே."

நிர்வாகி ஸ்கிரீனை அவள் பக்கம் திருப்பினார். அக்காவின் பெயருக்கு எதிரே முப்பத்தேழு சிவப்புப் புள்ளிகள். அவனுக்கு ஐந்து, அதுவும் பழசு. டாக்டரம்மா புள்ளிகளைப் பார்த்தாள். அவற்றை வைத்தவளே அவள்தான். அவளுக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது.

அக்காவையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் பார்க்கவே இல்லை என்றாள். "மறுக்கத்தானே செய்வாங்க" என்றார் நிர்வாகி, பிற்பாடு. அவருக்கும் ஒரு பாரம் இறங்கியது. இரண்டில் எந்த நாற்காலி என்று இனி யோசிக்க வேண்டாம். அவன் எதிரிலேயே ஸ்கிரீனைப் பார்த்து நாலு வார்த்தை சொன்னார். அக்காவின் வேலைநீக்கக் கடிதம் தன்னைத்தானே எழுதிக்கொண்டது. நிர்வாகி படித்துப் பார்த்து, நெஞ்சில் கை வைத்தார்.

"எவ்வளவு நல்லா எழுதுது பாருங்க சார். நான் எழுதியிருந்தா இவ்வளவு இரக்கமா வந்திருக்காது."

அன்று மதியம் அக்கா தன் ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார்ந்து கடவுச்சொல்லை மூன்று தடவை அடித்தாள். திறக்கவில்லை. பிறகு தரையை உதைத்து அவன் பக்கம் உருண்டு வந்தாள். உருளைகளில் ஒன்று எண்ணெய் இல்லாமல் கிறீச்சிட்டது.

"நான் பாத்தேனா?"

"அக்கா..."

"எந்தக் கண்ணால பாத்தேன், சொல்லு."

"உங்களுக்கு ஞாபகம் இல்லை அக்கா. அன்னிக்கு வேலை ஜாஸ்தி. மாசக் கடைசி."

அவள் அவன் முகத்தை ஸ்லைடு பார்க்கிற மாதிரி பார்த்தாள். அவசரமே இல்லாமல், ஓரத்திலிருந்து தொடங்கி.

"அந்த ஸ்லைடைத் திற. நான் பாக்கணும்."

"முடியாது அக்கா. உங்க அனுமதியை எடுத்துட்டாங்க. விதி."

"ஒரு பார்வை தம்பி." அவனை அவள் தம்பி என்று கூப்பிட்டு ஆறேழு மாசம் ஆகியிருந்தது. "ஒரே ஒரு பார்வை."

அவன் மவுஸைக் கையால் மூடிக்கொண்டான். அந்த அறையில் அதுவரை யாரும் மறுக்காததை மறுத்தான்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள்.

"அன்னிக்கு மூணையும் எத்தனை மணிக்கு முடிச்சே?"

அவன் மவுஸை இன்னும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"பத்தரைக்குள்ளே முடிச்சிருப்பே. அப்புறம் இது வந்திருக்கு. நீ பாத்திருக்கே. உன் கண்ணு பாக்காம இருக்காது, எனக்குத் தெரியும். பாத்துட்டு, என்னைக் கூப்பிடாம, இங்க உக்காந்து..." அவள் நிறுத்திவிட்டாள். "மாடில போய்ச் சொல்லட்டுமா? அன்னிக்குத் திருத்தினதைத் திறந்து பாருங்கன்னு?"

"சொல்லுங்க அக்கா. மூணுதான் இருக்கும். மூணைத் திறக்க விதி இல்லை."

இதைச் சொன்னது வேறு யாரோ என்பதுபோல அவன் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா திட்டவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்துத் தோளை இறுக்கி வைத்திருந்தான், அது வீணாயிற்று. அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் மேஜைக்குள் தள்ளிவிட்டு, முதுகு மெத்தையைப் பைக்குள் திணித்தாள். பை சிறியது. மெத்தை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவருகில் நின்று கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"அந்தக் குழந்தை இப்ப எப்படி இருக்காம்?"

"தெரியலை அக்கா."

"கேக்கலையா?"

கதவு தானாக மூடிக்கொள்ளும் வகை. மெதுவாக, நேரம் எடுத்துக்கொண்டு மூடியது.

7416 என்ற எண்ணில் தினமும் ரத்தம் வந்தது, ஐந்து நாள். ஆறாம் நாள் வரவில்லை. அதன்பிறகும் வரவில்லை. வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருப்பார்கள் என்று அவன் முடிவுசெய்தான். அப்படி மாற்றினால் ரிப்போர்ட்டில் ஒரு குறிப்பு இருக்கும். அவன் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த அட்டவணை வந்தபோது நிர்வாகி அறைக்கே இறங்கி வந்தார். இவ்வளவு சீராக வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் வரவில்லையாம். மெஷின் கம்பெனிக்காரர்கள் மனிதனும் மெஷினும் எப்படி ஒத்துப்போக வேண்டும் என்பதற்கு அவன் அட்டவணையை மற்ற இடங்களில் காட்டப்போகிறார்களாம். நிர்வாகி கை நீட்டினார். அவன் கையுறையைக் கழற்றிவிட்டுக் குலுக்கினான். உடனே போய்க் கையைக் கழுவிக்கொண்டான்.

வீட்டில் சொன்னபோது மனைவி முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா அண்ணா" என்றாள், எதற்கென்று இல்லாமல் அண்ணன் பக்கம் திரும்பி. மச்சான் எழுந்து நின்றார். "மனுஷக் கண்ணுன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை" என்றார். அவர் கண்ணில் நிஜமான மரியாதை இருந்தது. அவருக்கு டீ போட்டுக் கொடுக்கத் தோன்றியது அவனுக்கு. போடவில்லை. மச்சானே உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

இப்போது அறையில் ஒரே நாற்காலிதான் உருள்கிறது. இன்னொன்று மேஜைக்குள் தள்ளியபடி இருக்கிறது. அதன்மேல் பையை வைத்துக்கொள்கிறான். ஒரு மாற்றம் செய்துகொண்டான். மூன்றையும் காலையில் முடிப்பதில்லை. காலையில் இரண்டு லாடம். ஒன்றை மதியத்துக்கு மிச்சம் வைக்கிறான். பெரும்பாலும் நிஜமாக ஒன்றும் வராது. ஐந்தரைக்கு அதையும் ஒரு லாடத்துக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்புவான். அது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அக்கா சொன்னதைக் கேட்டு நடக்கிறோம் என்று தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு வந்தன.

இருபது நிமிஷ இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டுமே மெஷின் தவறவிட்டவை. இரண்டுக்குமே பின்னங்கழுத்து சிலிர்த்தது. அவன் இரண்டையும் ஸ்கிரீனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பெண், 31. ஆண், 58. காலையில் போன இரண்டு லாடம் போனதுதான். கையில் இருப்பது ஒன்று.

பழக்கத்தில் தலையை இடது பக்கம் திருப்பினான். பை இருந்தது.

பெண்ணுக்கு முப்பத்தொன்று, வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கலாம். ஆணுக்கு ஐம்பத்தெட்டு, எப்படியும் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற வயது. இனி யாருக்கு என்ன பிரயோசனம் என்று பார்த்தால், யோசிக்க அதிகம் இல்லை. மெஷின் வயதைப் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை. அதற்கு அந்த விவஸ்தை கிடையாது. இங்கேதான் மனிதன் தேவைப்படுகிறான் என்று அவனுக்குத் தோன்றியது.

பெண்ணின் செல்லைப் பிடித்துச் சரியான கட்டத்தில் போட்டான். மூன்று. ஆணுக்குச் 'சரி' அழுத்தினான். மணி ஐந்து இருபது. கையைக் கழுவிக்கொண்டு, பையை நாற்காலியிலிருந்து எடுத்தான்.